பொமேட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கழுவுவதைப் பற்றிப் பேசுவோம்

"அண்ணா, எந்தப் பொமேட் நல்லது?" என்று சித்தி மகன் கேட்டான். "தினமும் தலை அலசுவாயா, வாரத்துக்கு இரண்டு தடவையா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். தலை வாருவதைப் பற்றிக் கேட்டால் குளிப்பதைப் பற்றிப் பேசுகிறாரே என்று முழித்தான். பொமேட் என்பது வாரிய முடியை அந்த வடிவிலேயே பிடித்து நிறுத்தி மினுக்கத் தடவும் களிம்பு. அதைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வியே கழுவுவதுதான். நிறுவனத்தின் பெயர், வாசனை, டப்பாவின் அழகு எல்லாம் அப்புறம் வருபவை. அவனுக்கு அன்று உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதுவரை பொமேட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கானது இது.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஆப்பிளைக் குறிக்கும் பழைய சொல்லில் இருந்து பிறந்தது 'பொமேட்'. அந்தக் காலத்துக் களிம்புகளில் ஆப்பிள் கூழைச் சேர்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் கரடிக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் தலையில் தடவி வாரினார்கள். விலங்குக் கொழுப்பு நாள்பட்டால் சிக்கடித்து நாறும். 1872-இல் ராபர்ட் செஸ்பரோ வாசலின் என்ற பெயரில் பெட்ரோலியம் ஜெல்லிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கெட்டுப்போகாத ஒரு மூலப்பொருள் கைக்கு வந்தது. இன்றைக்கும் எண்ணெய் பொமேட் டப்பாக்களில் பெரும்பங்கு அந்த ஜெல்லிதான். தண்ணீரில் கரையும் பொமேட் இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது. பெயர் ஒன்றாகவே இருந்துவிட்டதால்தான் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இத்தனை குழப்பம்.

முதல் படி: டப்பாவுக்குள் எண்ணெயா, தண்ணீரா?

டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். பொருள்களை அளவு இறங்குவரிசையில்தான் எழுதியிருப்பார்கள். அதிகம் இருப்பது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை மட்டும் முன்பின்னாக எழுதலாம். ஆகவே முதல் ஐந்து பெயர்களைப் படித்தாலே பொருளின் குணம் பிடிபட்டுவிடும்.

பெட்ரோலேட்டம் (அந்தப் பெட்ரோலியம் ஜெல்லிதான்), மினரல் ஆயில், லனோலின், தேன்மெழுகு என்று தொடங்கினால் அது எண்ணெய் பொமேட். அதில் தண்ணீரே கிடையாது, அதனால் காய்வதற்கும் எதுவும் இல்லை. காலையில் வாரிய முடி மாலையிலும் சீப்புக்கு வளைந்து கொடுக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாலு வாரு வாரினால் பழைய வடிவம் திரும்பிவிடும். தூறலில் நனைந்தாலும் கரையாது. ஆனால் ஷாம்பு ஒரு தடவை போட்டுப் போகிற பொருளும் இல்லை இது.

முதல் பெயரே தண்ணீர் என்று இருந்து, பிறகு செட்டியரெத்-25, கிளிசரின், பிவிபி போன்றவை வந்தால் அது தண்ணீர் பொமேட். பார்க்கத் தேன்பாகு போலத் தெளிவாக இருக்கும், டப்பாவை விரலால் தட்டினால் ஜெல்லி போல அதிரும். பூசும்போது வழுக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆவியாகி, மிஞ்சிய பாலிமர் (பிவிபி போன்ற, காய்ந்தால் இறுகும் பிசின்) முடியின் மேல் மெல்லிய படலமாக இறுகும். பிடிப்பு அங்கிருந்து வருகிறது. வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும் என்பது பெரிய வசதி. ஒருமுறை இறுகியபின் வாரினால் படலம் உடையும் என்பது இதன் குறை. நடுவில் திருத்த வேண்டுமானால் சீப்பை நனைத்துக்கொண்டு வார வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. மெழுகையும் எண்ணெயையும் தண்ணீரோடு குழைத்து, இறுகும் பாலிமரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். தண்ணீரில் ஓரளவு எளிதாகப் போகும், முடியும் விறைக்காது. கிடைத்தால் நல்ல சமரசம்.

இப்போது அந்தக் குளியல் கேள்விக்கு வருவோம். தினமும் தலை அலசுகிறவருக்குத் தண்ணீர் பொமேட் பொருந்தும். காலையில் பூசியது இரவிலோ மறுநாள் காலையிலோ போய்விடும், புதிதாகத் தொடங்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் தலை அலசுகிறவர் தண்ணீர் பொமேட்டை வாங்கி, பழையதை அலசாமல் அதன் மேலேயே பூசிக்கொண்டு போனால், உடைந்த படலம் வெள்ளைத் துகளாகத் தோளில் உதிரும். பலர் அதைப் பொடுகு என்று நினைத்துப் பொடுகு ஷாம்பு தேடி அலைகிறார்கள். எண்ணெய் பொமேட்டில் கதை வேறு. முதல் நாளின் மிச்சம் தலையிலேயே இருக்கும். மறுநாள் சீப்பால் வாரி, விரல்நுனி அளவு சேர்த்தால் போதும். பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அலசிய மறுநாள்தான் முடி சொன்னபடி கேட்கும் என்பார்கள். என் அனுபவமும் அதுதான்.

இரண்டாம் படி: பிடிப்பு எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு

பிடிப்பும் பளபளப்பும் தனித்தனி. 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருந்தால் மின்னும் என்று பொருளில்லை, மின்னுவதெல்லாம் பிடிப்பதும் இல்லை. வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல மின்னும், அரை மணியில் முடி சரிந்து விழும்.

எண்ணெய் பொமேட்டில் பிடிப்பைத் தருவது மெழுகு. தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வேண்டும், கார்னோபா என்ற தாவர மெழுகுக்கு 80 டிகிரிக்கு மேல். இவை தலையின் சூட்டில் உருகாமல் நின்று முடிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கின்றன. பட்டியலில் மெழுகு முன்னால் வந்தால் டப்பாவுக்குள் இருப்பது கட்டியாக இருக்கும், பிடிப்பு கூடும், பளபளப்பு சற்று மங்கும். எண்ணெய் முன்னால் வந்தால் இளகலாக இருக்கும், நன்றாக மின்னும், பிடிப்பு குறையும். எண்ணெய் வகையில் இது தராசுத் தட்டு மாதிரி. தண்ணீர் வகையில் பிடிப்பைப் பாலிமரும் பளபளப்பை மற்ற பொருள்களும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வதால் இரண்டும் ஒரே டப்பாவில் உச்சத்தில் இருக்கலாம். 'நல்ல பிடிப்பும் வேண்டும், நல்ல மினுக்கும் வேண்டும்' என்பவர்களுக்கு அதனால்தான் தண்ணீர் வகையைச் சொல்கிறேன்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். முடியின் மேற்பரப்பு ஓட்டுக்கூரை போல, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்கள் தூக்கிக்கொண்டு இருந்தால் வெளிச்சம் சிதறும், முடி மங்கலாகத் தெரியும். பொமேட்டின் எண்ணெய் அந்த மேடுபள்ளத்தை நிரப்பிச் சமன் செய்கிறது, வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. அதே போல முடிகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படிந்திருந்தாலும் மினுக்கு கூடும். ஒரே பொமேட்டை நெருக்கமான பல் சீப்பால் வாரினால் பளபளக்கும், விரலால் கோதிவிட்டால் அடங்கித் தெரியும். சுருட்டை முடிக்காரர்கள் 'இது எனக்கு மின்னவே இல்லை' என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். வளைவுகள் வெளிச்சத்தைப் பல பக்கம் சிதறடிக்கின்றன. அவர்கள் பிடிப்பு குறைந்த, எண்ணெய் கூடிய வகையை எடுக்கலாம்.

கயோலின், பென்டோனைட் என்ற பெயர்கள் பட்டியலில் தென்பட்டால் அவை மினுக்கை அடக்கும் களிமண் வகைகள். அலுவலகத்துக்கு அடக்கமாக வேண்டுமானால் நல்லது. பளபளப்பு தேடி வந்தவர் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

லேசான பிடிப்பு, நடுத்தரம், உறுதி என்று மூடியில் எழுதியிருப்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'உறுதி' இன்னொன்றின் 'நடுத்தரம்' ஆக இருக்கும். மாதிரி டப்பா திறந்து வைத்திருந்தால் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சூடு பரவும்வரை தேயுங்கள். பிறகு விரல்களை மெல்லப் பிரியுங்கள். நூல் நூலாக இழுத்தால் பிடிப்பு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு பிரிந்தால் அது பளபளப்புக்கு மட்டும். விரலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எவ்வளவு மின்னும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மூடியில் எழுதியிருப்பதைவிட இந்தச் சோதனையை நம்புவேன்.

ஒரு பயத்தையும் இங்கே போக்கிவிடுகிறேன். செட்டைல் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று படித்ததும் 'ஆல்கஹால் முடியைக் காயவைக்கும்' என்று சிலர் கீழே வைத்துவிடுகிறார்கள். இவை கொழுப்பு ஆல்கஹால்கள். முடியை மென்மையாக்கத்தான் சேர்க்கிறார்கள். காயவைக்கக்கூடியது 'டினேச்சர்டு ஆல்கஹால்' என்று வரும் வேறு பொருள்.

மூன்றாம் படி: உங்கள் தலை எப்படிப்பட்டது?

மெல்லிய முடிக்குக் கனத்த எண்ணெய் பொமேட் ஆகாது. பாரம் தாங்காமல் தலையோடு ஒட்டிக்கொள்ளும். லேசான தண்ணீர் வகையே நல்லது. தடித்து, அடர்ந்து, குச்சி போல நிமிர்ந்து நிற்கும் முடிக்கு மெழுகு கூடிய எண்ணெய் பொமேட் இல்லாவிட்டால் படியவே படியாது. வறண்ட முடிக்கு எண்ணெய் வகை இதமாக இருக்கும்.

உச்சியில் முடி கொட்டத் தொடங்கியவர்களுக்கு மனதைப் புண்படுத்தாமல் ஒன்று சொல்ல வேண்டும். பளபளப்பான பொமேட் முடிகளைக் கற்றை கற்றையாகச் சேர்த்துவிடும். கற்றைகளுக்கு நடுவே தலைத்தோல் தெரியும். இருக்கிற முடியும் குறைவாகத் தெரியும். மினுக்கு இல்லாத களிமண் வகை அவர்களுக்கு அடர்த்தியைக் காட்டும். பளபளப்பு வேண்டியே தீருமென்றால் பக்கவாட்டில் மட்டும் பூசிக்கொள்ளலாம்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் தண்ணீர் பொமேட்டில் உள்ள கிளிசரினும் பிவிபியும் அந்த ஈரத்தை உறிஞ்சும். பிசுபிசுப்பு வரும், பிடிப்பு தளரும். எண்ணெய் வகை ஈரத்தைச் சட்டை செய்யாது, ஆனால் கடும் வெயிலில் இளகும். வெயிலில் நிற்கும் வேலையென்றால் கார்னோபா போன்ற கடின மெழுகு சேர்ந்ததைத் தேடுங்கள்.

நான்காம் படி: பூசுவது

முடி பிடிபடாமல் போவதற்குப் பொமேட்டைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் பூசிய விதம்தான் கோளாறு.

நான் முதன்முதலில் பூசிய அன்று இரண்டு விரலையும் டப்பாவுக்குள் விட்டு, ஒரு உருண்டையை அள்ளி, நேராக நெற்றிக்கு மேலே வைத்துத் தேய்த்தேன். முன்முடி ஒரே கட்டியாகச் சேர்ந்துகொண்டது. சீப்பு அதில் மாட்டி நின்றது. பின்தலையோ வறண்டு கிடந்தது. இரவு மூன்று முறை ஷாம்பு போட்டும் தண்ணீர் முடியில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. காலையில் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அந்த ஒரு நாளில் நான் செய்த தவறுகளைத் தலைகீழாகத் திருப்பினால் சரியான முறை கிடைத்துவிடும்.

முதலில் வகிடு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஈரமுடியை நேர் பின்னாகப் படிய வாருங்கள். உள்ளங்கையை உச்சியில் வைத்து முடியை மெல்ல முன்னால் தள்ளுங்கள். முடி தானாகவே ஒரு கோட்டில் பிளக்கும். இயற்கையான வகிடு அதுதான். சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதை அனுசரித்தே அந்தக் கோடு விழும். அதற்கு எதிராக வகிடு எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த பொமேட்டும் மதியத்துக்குள் தோற்றுவிடும்.

அடுத்து ஈரம். துண்டால் ஒற்றி எடுங்கள், பரபரவென்று தேய்க்காதீர்கள். தேய்த்தால் செதில்கள் கலைந்துவிடும். தண்ணீர் பொமேட்டை லேசான ஈரத்தில் பூசினால் எளிதாகப் பரவும், மினுக்கு கூடும், பிடிப்பு கொஞ்சம் குறையும். உலர்ந்த முடியில் பூசினால் பிடிப்பு கூடும். எண்ணெய் பொமேட்டுக்கு முடி நன்றாகக் காய்ந்திருப்பது நல்லது. ஈரமும் எண்ணெயும் ஒட்டாது.

தூக்கி வார வேண்டுமென்றால், பொமேட்டுக்கு முன்பே ஹேர் ட்ரையரால் முடியை அந்தத் திசைக்குப் பழக்கிவிடுங்கள். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனையும்போது விலகும், காயும்போது மறுபடி சேரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். சூட்டில் காயவிட்டு, கடைசியில் குளிர்காற்றை விட்டு நிறுத்துங்கள். பொமேட் அந்த வடிவத்தைக் காவல் காக்கும், அவ்வளவே அதன் வேலை.

இனி டப்பா. விரல்நுனியால் தோண்டாமல் கட்டைவிரல் நகத்தின் முதுகுப்பக்கத்தால் மேலாகச் சுரண்டுங்கள். மெழுகு கூடியதாக இருந்தால் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். ஒரு பட்டாணி அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். கட்டியாக இருந்தால் டப்பாவின் மேல் ட்ரையர் காற்றைச் சில வினாடி காட்டலாம். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். முதலில் திட்டுத் திட்டாக இழுக்கும், பிறகு இளகும், கடைசியில் கை முழுக்க ஒரே சீரான மினுக்கு மட்டும் இருக்கும். ஒரு துளி கட்டிகூடக் கையில் தெரியக் கூடாது. நிறையப் பேர் இந்த அரை நிமிடத்தைத்தான் பொறுக்காமல் விடுகிறார்கள். முடியில் வெள்ளைத் திட்டு நிற்பதற்குக் காரணம் அது.

பிடரிக்குச் சற்று மேலே பின்பக்கத்தில் தொடங்குங்கள். அப்புறம் உச்சி, பக்கங்கள், கடைசியாக நெற்றி முடி. கையில் நிறைய இருக்கும்போது முதலில் எங்கே தொடுகிறோமோ அங்கேதான் அதிகம் ஒட்டும். முன்முடிக்கு மிச்சம் போதும். விரல்களை முடிக்குள் நுழைத்து வேர்ப்பக்கம் வரை கொண்டுபோய் நுனிக்கு இழுங்கள். மேலோட்டமாகத் தடவினால் மேலே மினுக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. ஆனால் தலைத்தோலில் தேய்க்காதீர்கள். போதவில்லை என்றால் இன்னொரு அரைப் பட்டாணி சேர்க்கலாம். கூடிப்போனதை எடுப்பதுதான் பெரும்பாடு.

பிறகு அகலப் பல் சீப்பால் திசை காட்டி, நெருக்கமான பல் சீப்பால் முடியுங்கள். சீப்பு போன இடத்தை மற்றக் கையின் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். சுழி இருக்கும் இடத்தில் சில வினாடி கூடுதலாக அழுத்தி வைத்திருங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால் சீப்புத் தடம் கோடு கோடாக, ஒவ்வொரு கோட்டிலும் வெளிச்சம் ஓடுவது தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கணம் அது.

ஐந்தாம் படி: எடுப்பது

தண்ணீர் வகைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பும் போதும். காய்ந்த முடியை முதலில் வாராதீர்கள், நனைத்துக் கரைத்தபின் வாருங்கள்.

எண்ணெய் வகையில் பலர் செய்யும் பிழை, முதலிலேயே தலையில் தண்ணீரை ஊற்றிவிடுவது. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். காய்ந்த தலையில் ஆலிவ் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு தேக்கரண்டி விட்டு, பொமேட் இளகும்வரை பிசைந்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு தண்ணீர் விடாமலேயே ஷாம்புவை அதன் மேல் போட்டுத் தேயுங்கள். நுரை வராது, கவலைப்படாதீர்கள். எண்ணெயும் ஷாம்புவும் கலந்து குழம்பாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து அலசுங்கள். இரண்டாவது ஷாம்புவில் நுரை பொங்கி வரும். லேசாக மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது அடுத்த நாள் வாருவதற்கு உதவும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிலர் போடுகிறார்கள். பொமேட் போகும், தலையின் இயல்பான எண்ணெயும் கூடவே போய்விடும். அவசரத்துக்கு ஒருமுறை சரி, வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பினால் முகத்துக்குக் களிம்பு வாங்கும் முன் பொமேட்டை யோசியுங்கள். 1970-இலேயே தோல் மருத்துவ இதழில் 'பொமேட் பரு' என்ற பெயரில் இதை எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் மயிர்க்கால்களை அடைப்பதால் வருவது. முடி ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் விட்டுப் பூசுங்கள், பூசியபின் நெற்றியை ஈரத்துணியால் துடையுங்கள், படுக்குமுன் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள் அல்லது தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் குறையவில்லை என்றால் எண்ணெய் வகையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் ஏற்கெனவே அரிப்போ செதில் உதிர்வோ இருந்தால் அது ஆறும்வரை எந்தப் பொமேட்டும் வேண்டாம்.

முதல் டப்பா எது?

ஒன்றுமே தீர்மானிக்க முடியவில்லை என்றால், நடுத்தரப் பிடிப்பும் நடுத்தரப் பளபளப்பும் உள்ள தண்ணீர் பொமேட், இருப்பதிலேயே சின்ன டப்பா. இரண்டு வாரம் அதையே பூசிப் பாருங்கள். தினமும் மாலையில் கண்ணாடி முன் நின்று முடி எங்கே சரிந்தது என்று கவனியுங்கள். மேலே தூக்கியது மட்டும் விழுந்திருந்தால் அடுத்தது பிடிப்பு கூடியதாக இருக்கட்டும். வடிவம் நின்று மங்கிப்போயிருந்தால் எண்ணெய் கூடியது. நடுவில் மறுபடி மறுபடி வார வேண்டியிருந்தால் உங்களுக்கு இறுகாத வகைதான் சரி. மூடி திறந்த டப்பா படத்துக்குள் 12 அல்லது 24 என்று ஒரு எண் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதற்கான குறி அது. தண்ணீர் வகையை மூட மறந்தால் ஓரத்திலிருந்து காய்ந்து ரப்பர் போலாகிவிடும். ஈரக்கையை எந்த டப்பாவிலும் விடாதீர்கள்.

சித்தி மகன் தண்ணீர் வகையில்தான் தொடங்கினான். மூன்று மாதம் கழித்து, "வண்டியில போயிட்டு ஹெல்மெட்டக் கழட்டினா முடி அட்டை மாதிரி மடங்கிக் கிடக்குது அண்ணா, அந்த எண்ணெய் டப்பா ஒண்ணு வாங்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். வாங்கிப் பார் என்றேன். முதல் தடவை மட்டும் விடுமுறை நாள் காலையில் பூசிக்கொள், சாயங்காலம் எண்ணெய் விட்டு ஊறவைத்து அலச நிதானமாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள், பழைய தலையணை உறை ஒன்றை அன்று இரவுக்கு எடுத்து வை என்றேன்.